மர்வானின் காற்று

ஹத்தாவின் முதல் இறக்கத்திலேயே வண்டி
என்னை இரண்டு முறை தூக்கிப் போட்டது.
ஒட்டகம்கூட இப்படிச் செய்யாது என்றேன்.
ஒட்டகத்தில் நான் ஏறியதில்லை.

வாங்கி ஒன்பது நாள்.
குஸைஸில் சலூனுக்குப் பின்னால், மணல் பார்க்கிங்கில்,
பாதி விலைக்கும் கீழே கொடுத்தான் மர்வான்.
வேலை போய்விட்டது, கனடாவுக்குக் காகிதம் வந்துவிட்டது,
இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னான்.
பெரிய ஆள். கை குலுக்கியபோது
என் கை சற்று நேரம் காணாமல் போனது.
பின்புற ஷாக்கில் வெள்ளை டேப் ஒட்டி
நீல மையில் எழுதியிருந்தான்: 210.
ஏதோ பார்க்கிங் நம்பர் என்று விட்டுவிட்டேன்.

இரவுப் பணி முடிந்து வந்த ஜெசிந்தா
ஷூவைக் கழற்றாமலே அதைப் படித்தாள்.
"இருநூற்றுப் பத்தா? மேலேயா கீழேயா?
ஆளை உடனே ஐசியுவில் போடணும்."

ஆள் டொராண்டோ போய்விட்டான்.
அவனுடைய தொண்ணூற்றாறு கிலோ மட்டும்
ஒரு சின்ன உருளைக்குள்
எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிறது.

பம்பு வாங்கப் போனேன்.
உங்கள் எடை என்ன, என்றார் கடைக்காரர்,
ஹெல்மெட், ஷூ, முதுகுத் தண்ணீர், எல்லாம் சேர்த்து?
தெரியாது என்றேன்.
மறைக்கிறேன் என்று நினைத்து
மரியாதையாக நட்டுகளை எண்ண ஆரம்பித்தார்.

மறைக்கவில்லை.
எங்கள் ஃப்ளாட்டில் தராசு உண்டு, பெட்டிகளுக்கு.
ஊருக்கு யார் போனாலும்
பெட்டியைக் கட்டிக்கொண்டு அதில் ஏறி நிற்பவள் நான்.
வரும் எண்ணில் ஐம்பத்துநாலைக் கழி,
முப்பதைத் தாண்டினால் பால்மாவை எடு, தைலத்தை எடு.
ஐம்பத்துநாலு:
விசா மெடிக்கலில் யாரோ எழுதியது.
ஆறு வருடம் ஆயிற்று.

அன்றைக்கு வெறுங்கையோடு ஏறினேன்.
கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.
அறுபத்தொன்று.

ஜெசிந்தாவுக்குத்தான் முதலில் புரிந்தது.
"அப்போ பெட்டியெல்லாம் ஏழு கிலோ
குறைச்சலா போயிருக்கு!
என் தம்பி கல்யாணத்துக்கு வாங்கின குக்கரை
இந்தத் தராசைப் பார்த்துத்தானே
வெளியே எடுத்து வச்சேன்?"
அந்தக் குக்கரில்தான் இரண்டு வருடமாக
நாங்கள் சாம்பார் வைக்கிறோம்.

தண்ணீர் ஹெல்மெட்டோடு அறுபத்தைந்து.
பவுண்டாக்கினால் நூற்று நாற்பத்துமூன்று.
அங்கிருந்து தொடங்குங்கள் என்றிருந்தார் கடைக்காரர்.
பம்பை மாட்டினேன், முள் இருநூறில் நின்றது.
டேப் பொய் இல்லை. மிச்சம் பத்து
பம்பின் குழாய்க்குள் போய்விட்டது.
எவ்வளவு என்று கேட்பதற்கே
கொஞ்சம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

பொத்தானை அழுத்த அழுத்த
மர்வான் சிறு சிறு சீறல்களாக வெளியேறினான்.
எண்ணெய் வாசம். ஏசி அதை
பக்கத்து அறை வரை கொண்டு போனது.

கறுப்பு ரப்பர் வளையத்தை அடிவரை தள்ளிவிட்டு
குதிக்காமல், மூச்சுப் பிடிக்காமல் உட்கார வேண்டும்.
ஜெசிந்தா ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள்.
இறங்கியதும் ஈசிஜி ஸ்கேலை வைத்து அளந்தாள்.
பதினேழு மில்லிமீட்டர். வேண்டியது பதினைந்து.
கணக்கு ஒரு எடையைச் சொல்கிறது,
நான் உட்காருவது வேறு மாதிரி இருக்கிறது.
ஐந்து ஐந்தாக அடித்து, ஏறி, இறங்கி
நூற்று ஐம்பத்தெட்டில் விட்டோம்.
வெயிலில் இன்னும் கொஞ்சம் தானாக ஏறும்,
வாடகையைப் போல.

சனிக்கிழமை. அதே இறக்கம்,
முன்பு என்னைத் தூக்கிப் போட்ட அதே பாறை.
வண்டி 'ம்' என்றது, அவ்வளவுதான்.
அடுத்த பாறைக்கும் 'ம்'.
கீழே, வாதியின் கூழாங்கல்லில் நிறுத்திக் குனிந்தேன்.
வளையம் நாற்பத்தாறு வரை போய் நின்றிருந்தது.
ஐம்பதில் நான்கு மிச்சம்.

டேப்பைக் கிழிக்கவில்லை.
210க்குக் கீழே எழுத இடம் இருந்தது,
பேனாதான் இல்லை.

சிக்னல் வந்ததும் போன் அதிர்ந்தது.
ஜெசிந்தா: "புது குக்கர் வாங்கிட்டேன்.
சீக்கிரம் வா. வந்து ஏறி நில்லு."