ஆணி இருந்த உயரம்

பெருவெள்ளம் வடிந்த மறுகிழமை
நீர்ப்பாசனக் கந்தோர்ப் பெடியன் ஒருத்தன் வந்து
ஓடைக்கரை மருதில்
என் நெஞ்சு மட்டத்துக்கு ஓர் ஆணி அறைந்தான்.
"தண்ணி இதுமட்டும் வந்ததெண்டு அடையாளம்."

இப்போது அந்த ஆணியில்
என் முழங்கால் இடிக்கிறது.

மரம் தாழவில்லை.
கரடியனாற்றுக்கு மேற்கே
காடு வெட்டி எரித்த சரிவெல்லாம்
மாரிக்கு மாரி ஒரு விரல், அரைச் சாண்,
சில வருசம் ஒன்றுமேயில்லை,
பிறகு ஒரே இரவில் ஒரு முழமென்று
இறங்கி வந்து
மரத்தின் காலடியில் குந்திக்கொண்டது.

உச்சிக்கொப்புதான் முதலில் வெளுத்தது.
கச்சான் சுட்டதென்றான் அழகரெத்தினம்.
காலை ஓடையில் வைத்துக்கொண்டு
கச்சானுக்குக் காயும் மருதை
நான் கண்டதில்லை.

நேற்று மண்வெட்டியோடு போனேன்.
மணல். அதன் கீழே பசைபோலச் சாம்பல் களி.
திரும்பவும் மணல், திரும்பவும் களி.
ஒவ்வொரு வெள்ளமும் வந்து
தன் பாயை விரித்துவிட்டுப் போயிருக்கிறது.
இரண்டரை அடிக்குக் கீழே பழைய நிலம்:
கறுத்த சருகு,
முளை விட்டும் வெளிச்சம் காணாத மருதங்கொட்டைகள்.
கூழ்முட்டை நாற்றம்.
மூச்சுவிட முடியாத வேர்
இப்படித்தான் மணக்கும் போல.

மேலே, புதைந்த பட்டையைக் கிழித்துக்கொண்டு
மயிர் மயிராய் வெள்ளை வேர்கள்.
இந்த வயதில் மரம்
தன்னை இன்னொருமுறை நட்டுப் பார்த்திருக்கிறது.

மூன்றாம் படை மட்டும் சிவப்பு.
அதற்குள் பசளைப்பையின் மஞ்சள் நூல்.
எனக்கு அந்த மண்ணைத் தெரியும்.
சோளன் போட்ட முதல் வருசம்
மேட்டில் மூன்று ஏக்கர் உழுதேன்,
சரிவோடு நெடுக.
குறுக்கே உழு என்றார்கள்.
குறுக்கே உழுதால் திருப்பம் கூட,
டீசலும் கூட.

கழுத்து மட்டும் வெளியே தெரியச் சுற்றி வெட்டினேன்.
வெட்டிய மண்ணை எங்கே போட?
ஓடையில் தள்ளினால்
கீழே இன்னொரு மருது நிற்கிறது.

ஏழு சாக்கு.
லேண்ட்மாஸ்டரில் ஏற்றி
மேட்டுக்குத் திருப்பினேன்.
சந்தியில் அழகரெத்தினம் மறித்தான்:
"எங்கால மண்? பெர்மிட் இரிக்கா?"

"எண்ட மண்தான்" என்றேன்.

அவன் நம்பவில்லை.