வேட்டிப் பேய்

குழுவில் செயலாளர் போட்டிருந்தார்:
வெள்ளிக்கிழமை மாலை ஆறிலிருந்து எட்டு வரை
பிள்ளைகள் பேய் வேஷத்தில் கதவு தட்டுவார்கள்,
வீட்டுக்கு இருபத்தைந்து சாக்லேட் தயாராக இருக்கட்டும்.
பதினேழு பேர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள்.
பதினெட்டாவது நான்.

கீழமாசி வீதி மொத்தக்கடையில்
"பொறந்தநாளா சார்?" என்றார்.
"பேய்க்கு" என்றேன்.
சிரிக்கவில்லை.
எக்ளேர்ஸ் ஒரு பாக்கெட், ஆரஞ்சு மிட்டாய் அரைக்கிலோ
எடைபோட்டுக் கட்டிக்கொடுத்தார்.

எட்டு வயதில் நான் காய்ச்சலில் உளறியதற்கு
பாண்டி கோவிலுக்குத் தூக்கிப்போய்
கையில் கறுப்புக் கயிறு கட்டினார்கள்.
பேயை விரட்டத்தான் காசு செலவழிப்போம் இந்த ஊரில்.
இப்போது என் வேட்டியில் இரண்டு ஓட்டை வெட்டி
ஹாலில் உட்கார்ந்து
நானே ஒன்று செய்துகொண்டிருக்கிறேன்.

"கண்ணு சின்னதா இருக்குப்பா" என்கிறது பேய்.
இன்னும் கொஞ்சம் வெட்டுகிறேன்.

ஆனி மாதம்தான் கடைவாய்ப் பல் இரண்டை அடைத்தோம்.
மூவாயிரத்து எண்ணூறு.
இனிமேல் இனிப்பே கிடையாது என்று
டாக்டர் முன்னால் சத்தியம் வாங்கினேன்.
அழுகை நிற்காததால்
வண்டியை விளக்குத்தூண் பக்கம் திருப்பி
ஜிகர்தண்டா வாங்கிக்கொடுத்து வீடு சேர்த்ததும் நான்தான்.
ஜெயசுதாவிடம் இதுவரை சொல்லவில்லை.

தெரியாதவங்க மிட்டாய் கொடுத்தா என்ன செய்யணும்?
வேண்டாம்னு சொல்லிட்டு ஓடி வந்துரணும்.
வாரம் ஒருதரம் ஒப்பிக்க வைப்பேன்.
இன்று அவளே பையை விரித்துப் பிடித்துக்கொண்டு
மாடி மாடியாய் ஏறுகிறாள்.
ஒரு மாடி இடைவெளியில்
செருப்புச் சத்தம் கேட்காமல்
பின்னாலேயே போகிறேன்.

நூற்றிநாலில் கிட்கேட்.
இருநூற்றி ஒன்றில் பூட்டு.
இருநூற்றி ஐந்தில் விசாலம் டீச்சர்
கதவைத் திறந்தவுடன் ஒரு எட்டு பின்வாங்கி
உள்ளே போய்
திருநீற்றை அள்ளி வந்து
பேயின் நெற்றியில் மூன்று கோடு இழுத்தார்.
அப்புறம்தான் கடலை மிட்டாய்.
முந்நூற்றி நாலு,
பார்க்கிங் தகராறுக்குப் பிறகு
லிஃப்டில்கூட என் முகத்தைப் பார்க்காத மனுஷன்,
"ஐயோ அம்மா!" என்று சுவரோடு சாய்ந்து நடித்தார்.
அவருக்கு அவ்வளவு நன்றாக நடிக்கத் தெரியும் என்பது
எனக்குப் பிடிக்கவில்லை.
பிடித்துமிருந்தது.

கடைசியில் கேட்டுக்கு ஓடினாள்.
சோணைமுத்து நாற்காலியிலிருந்து எழுந்து
"என்ன சார், பாப்பாவுக்குச் சுகமில்லையா?" என்றார்
திருநீற்றைப் பார்த்து.
"நான் பேய்!"
"அப்படியா தாயி, பயந்தே போனேன்."
பைக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்து நீட்டினாள்.
பிரிக்காமல் சட்டைப் பையில் போட்டார்.
"வீட்ல ஒண்ணு இருக்கு சார், ரெண்டாங்கிளாஸ்."

மேலே வந்து பார்த்தால்
எங்கள் தட்டில் அரைக்கிலோவில் பாதி அப்படியே இருந்தது.
கவரில் கட்டிக்கொண்டு கீழே இறங்கினேன்.
ஷிப்ட் மாறிவிட்டது.
புது ஆள் எழுந்து சல்யூட் வைத்தான்.
கவரைப் பின்னால் மறைத்து
மழை வருமா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

தரையில் கொட்டி எண்ணினாள். நாற்பத்தி மூன்று.
நிறம் பிரித்தாள், பெரியது சிறியது பிரித்தாள்,
பிடிக்காத புதினா மிட்டாயை எனக்கு ஒதுக்கினாள்.
நாளைக்கு ரெண்டு, நாளன்னைக்கு ரெண்டு என்று
நான் சட்டம் போட்டுக்கொண்டிருக்கும்போதே
வாயில் ஒன்றுடன் தூங்கிப்போனாள்.

விரலைவிட்டு எடுத்தேன்.
பாதி கரைந்த எக்ளேர்ஸ்,
அதில் அடைத்த பல்லின் தடம்.
குப்பைக்கூடை சமையலறையில் இருந்தது.
அவ்வளவு தூரம் போகவில்லை.
ஒழுங்காகத்தான் இருந்தது,
கொஞ்சம் திருநீறு வாசனை.

காலையில் வேட்டியை அலசினேன்.
மூன்று கோடும் போய்விட்டது.
கொடியில் காயும்போது
இரண்டு ஓட்டை வழியே
எதிர் பிளாக் தெரிந்தது,
முந்நூற்றி நாலு பல் துலக்கிக்கொண்டிருந்தார்.
கை உயர்த்தலாமா என்று
யோசித்துக்கொண்டிருக்கும்போதே
உள்ளிருந்து குரல்:
"அப்பா, நாப்பத்திரெண்டுதான் இருக்கு."