எடை எவ்வளவு

முதலில் கைவிரித்தது செல்போன்தான்.
பள்ளிக் கண்காட்சியில் மோனிஷாவின் எரிமலை
பொங்கப் போகிற நேரம் பார்த்து
இடமில்லை என்றது.
எதையாவது அழி என்றது.
ஒரு கல்யாணத்தை அழித்தேன்.
தூரத்துச் சொந்தம்,
இப்போது அவர்களே சேர்ந்து இல்லை.

வீட்டில் ஊறுகாய் பாட்டில் நிறைய பென் டிரைவ்.
ஹார்ட் டிஸ்க் ஒன்று உண்டு,
செருகினால் பல்லி மாதிரி சொல்லும்.
"கிழக்கே சொல்லுதா, மேற்கே சொல்லுதா?"
தேசப்பனுக்கு எல்லாம் கிண்டல்.

மேகத்தில் போட்டு வையேன் என்றாள்
ஆபீஸில் பக்கத்து சீட்.
மேகமா?
டிசம்பரில் கொருக்குப்பேட்டைக்கு வந்து
அதைச் சொல்.

ஆகவே ஒரு பெட்டி.
ரூட்டர் பக்கத்தில் குந்திக்கொண்டு
எல்லார் போனிலிருந்தும் வாங்கி வைக்கும்,
மாதாமாதம் வாடகை கேட்காது.

ரிச்சி தெருக் கடைப்பையன் நல்லவன்.
"ரெண்டு டிஸ்க் மாடல் எடுங்க மேடம்.
ஒண்ணுல எழுதினா இன்னொண்ணுலயும் தானா ஏறிக்கும்.
ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு இருக்கும்."
தேசப்பன் என்னைப் பார்த்தார்,
நம்மைச் சொல்கிறான் என்பதுபோல.

"வெயிட் எவ்ளோ?" என்றேன்.
அவன் வேகத்தைச் சொன்னான்.
"வெயிட்டு, தம்பி.
ஒரு கையால தூக்க முடியுமா?"

எங்கள் சுவரில் இரண்டு கோடுகள்.
எத்தனை பெயின்ட் அடித்தாலும் ஊறி வெளியே வரும்.
கீழ்க்கோடு வந்த ராத்திரி
ஒரு கையில் எட்டு மாத மோனிஷா,
இன்னொரு கையில் ரேஷன் கார்டும் பத்திரமும் போட்ட பை.
மூன்றாவது கை இருந்திருந்தால் ஆல்பம்.
தண்ணீர் வடிந்தபின் பிரித்தோம்:
என் முகம் உரிந்துபோய்
எதிர்ப்பக்கத்துப் பந்தி வரிசையில்
யாரோ ஒருவரின் இலைமேல் ஒட்டியிருந்தது.

மேல்கோட்டுக்கு அவளே நடந்தாள்.
தூக்க வேண்டாம்,
ஆனால் கையைப் பிடிக்கணுமே.
கணக்கு மாறவில்லை, ஒரு கைதான் மிச்சம்.

"ரெண்டு டிஸ்க்கும் ஒரே பெட்டியிலதான?"
"ஆமா மேடம்."
"பெட்டி நனைஞ்சா?"
பையன் கொஞ்ச நேரம் ஸ்டேப்ளரைத் திறந்து மூடினான்.
"வேற வீட்ல ஒரு காப்பி வைக்கணும்.
சொந்தக்காரங்க யாராச்சும்...
மேல் மாடியா இருந்தா நல்லது."

மேல் மாடியில் எனக்கு ஒரே சொந்தம்.
அக்கா கஜலட்சுமி,
தண்டையார்பேட்டை போர்டு வீடு, மூணாவது மாடி.
ஒன்றே முக்கால் வருஷமாய்ப் பேச்சில்லை.
சீட்டுப் பணம், பன்னிரண்டாயிரம்.
கணக்கில் நான்தான் சரி.
இப்போதும் சொல்வேன்.

ஒற்றை டிஸ்க் பெட்டி இரண்டு வாங்கினோம்.
ஒரு பெரிய பெட்டியைவிடக் கூடத்தான் ஆனது.

தேசப்பன் ஹார்பருக்கு நைட் ஷிப்ட் போனபின்
இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து
ஏற்ற ஆரம்பித்தேன்.
பச்சை விளக்கு கண்சிமிட்டச் சிமிட்ட
வந்துகொண்டே இருந்தாள் கஜா.
மோனிஷாவுக்குத் தலை துவட்டுகிறவள்.
பாதி முகம் மட்டும் விழுந்த கஜா.
யாரையோ திட்டுகிற வாயோடு நின்றுபோன கஜா.
யாரோடு பேச்சு, யாரோடு இல்லை என்று
பெட்டி ஒரு வார்த்தை கேட்கவில்லை.
அறுபத்திரண்டு சதவீதம் என்றது.

மணி பதினொன்று இருக்கும்.
போட்டுவிட்டேன்.

"உன் டிவி ஸ்டாண்டு பக்கத்துல
ஒரு பிளக் பாயிண்ட் சும்மாதான கெடக்கு?"

அந்தப் பக்கம் சத்தமில்லை.
இந்தப் பக்கம் கூட்ஸ் வண்டி போனது.
முப்பத்தெட்டு வேகன் எண்ணினேன்.

"கரண்டு பில்லு யாரு கட்றது?" என்றாள்.

பேப்பரும் பேனாவும் தேடினேன்.