ஏழாவது

தலைக்கவசம் என் காதுவரை இறங்கியது.
எனக்கு முன்னே போட்டவளின் ஷாம்பு மணம்
இன்னும் உள்ளே இருந்தது.
அட்டைப் படத்துத் தெர்லிஸுக்கு முடி இருந்தது;
காவலாளி அவனையும் இவனையும்
மாறி மாறிப் பார்த்துவிட்டு
இருவரையும் உள்ளே விட்டார்.

முதலில் படம்.
அரங்கில் அப்படியொரு குளிர்.
ஜனவரி வெயிலில் பஸ்ஸோடு வெந்து வந்தவர்கள் நாங்கள்.
தோபியாஸ் ஐந்தாம் நிமிடத்தில் தூங்கிப்போனான்,
அவனுக்கு இன்னும் அணையே கட்டவில்லை.
எனக்கும் பாதிதான்:
பரனா ஆற்றைத் திரையில் திருப்பிவிட்டபோது
முந்தைய வாரம் கெட்டுப்போன
இரண்டு கிலோ இறைச்சியில் இருந்தேன்.

வழிகாட்டிப் பெண் லோரேனா. நல்ல பிள்ளை.
சட்டைக் கையில்தான் இரட்டை மடிப்பு,
யாரோ அவசரத்தில் தேய்த்தது.
எனக்கு அது கண்ணில் படும்.
டஜனுக்கு இவ்வளவு என்று
ஊரார் துணி தேய்ப்பவள் நான்.
மின்சாரம் எனக்கு வெளிச்சமல்ல,
கையில் சுடுகிற ஒரு கனம்.
போய்விட்டால்
கனம் மட்டும்.

நொடிக்கு இத்தனை நீர் என்றாள், இத்தனை கம்பி, இத்தனை சிமெண்ட்.
தெர்லிஸ் எல்லாவற்றையும்
விசிறிக் கணக்குக்கு மாற்றிக்கொண்டே வந்தான்.
"ஒரு குழாய்க்கு ஒரு கோடி விசிறி" என்றான்.
யாரும் சரிபார்க்கவில்லை.

தரையில் ஒரு கோடு.
இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் பிரேசில்.
தோபியாஸ் காலை அகட்டி நின்று கேட்டான்:
"என் தொப்புள் எந்த நாடு?"

பிறகு கீழே, இன்னும் கீழே.
சத்தம் காதுக்கு வரவில்லை,
உள்ளங்காலில் ஏறியது.
அராசெலி, எங்கள் வீட்டில்
மூன்று மாதமாக யாருக்கும் காது கொடுக்காதவள்,
காதிலிருந்ததைத் தானே கழற்றினாள்.
லபாச்சோ மரம்போல் பருத்த எஃகுத் தண்டு
நிற்பதாகவே நினைத்தேன்.
இல்லை.
அத்தனை வேகம், அத்தனை வழவழப்பு.
நாக்கில் விரல் நனைத்துத் தொட்டுப் பார்க்கத் தோன்றியது,
பெட்டி காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல.
ஒரு நிமிடம்
என் கையும் இதன் கையும் ஒரே வேலைக்காரி கை
என்று ஒரு கர்வம்.

"கேள்வி ஏதாவது?"
தோபியாஸ் கவசத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு:
"எங்கள் வீட்டுக்கு வருவது இதில் எது?"

எல்லாம் ஒன்றாய்க் கலந்துதான் போகும் என்று
அவள் சொல்லியிருக்கலாம்.
அந்தப் பெரிய தொப்பிக்குள் சின்ன முகத்தைப் பார்த்தாள்.
"ஏழாவது" என்றாள்.

மொத்தக் கூட்டமும் ஏழின் பக்கம் திரும்பியது.
மேலே ஆரஞ்சு விளக்கு.
மூடி கழற்றிக் கிடந்தது.
ஏணியில் ஒருவன்; ஏணியடியில் இன்னொருவன்
உட்கார்ந்து சீப்பா தின்றுகொண்டிருந்தான்.

"பராமரிப்பு" என்றாள் லோரேனா. காது சிவந்துவிட்டது.
"அதானே பார்த்தேன்" என்றான் தெர்லிஸ்.
பின்னாலிருந்து முன்பின் தெரியாத ஒருத்தி
குவாரனியில் சொன்னாள்,
"எங்கள் தெருவுக்கும் அதேதான்!"
அந்தச் சிரிப்பு
இயந்திரச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது.
சீப்பாக்காரன் எங்களை நிமிர்ந்து பார்த்து,
எதற்கென்று தெரியாமல்,
கையசைத்தான்.

திங்கள் இரவு எட்டரை.
விசிறி தன் இறக்கைகளை
ஒவ்வொன்றாய் எண்ணக் கொடுத்தபடி நின்றது.
தெருவில் நாய்கள், யாரோ ஒருவரின் வசவு,
தெரெரேவுக்குப் பனிக்கட்டி இல்லை.
எப்போதும் இந்த நேரத்தில்
தெர்லிஸும் நானும் கட்டணச் சீட்டை வைத்துச் சண்டை போடுவோம்.

இருட்டில், கட்டிலிலிருந்து தோபியாஸ்:
"இரும்மா.
அந்த மாமா சீப்பாவைத் தின்று முடிக்கட்டும்."

அராசெலிதான் முதலில் சிரித்தாள்.

மருந்துக்கடைக்காரரின் சட்டையில்
ஒரு கை முடிந்திருந்தது.
பெட்டியைத் தூக்கிக் கன்னத்தருகே பிடித்தேன்.
கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.
காலருக்குப் போதும்.