பிழைக்கான காரணங்கள்

செயப்பாட்டு வினையில் எழுதுக என்கிறது
முனைவர் மால்லே கொடுத்த தாள்.
எழுதுகிறேன்:
ஈக்கள் மயக்கப்பட்டன.
தூரிகை நுனியால் புரட்டப்பட்டன.
கண்ணின் நிறம் குறிக்கப்பட்டது.
எண்ணி முடித்தவை எண்ணெய்க் குடுவையில் இடப்பட்டன.
யார் செய்ததென்று ஒரு வரியிலும் இல்லை.
கொலைக்கு வசதியான இலக்கணம்.

இரவு பதினொன்று. தார்த்து நகரில் ஏப்ரல்.
விடுதிச் சமையலறையில் எனக்கு எதிரே
கறுப்பு ரொட்டி தின்றபடி
கை-வர்க்கம் போட்டுக்கொண்டிருக்கிறான் தாவெத்.
என் ஸ்வெட்டரில் இன்னும் ஈஸ்ட் வாடை.

கணக்கு எளிது.
தாய்க்கு வெள்ளைக் கண். தந்தைக்குச் சிவப்பு.
தந்தையின் எக்ஸ் மகன்களுக்குக் கிடையாது,
அத்தனை பேரும் வெள்ளை.
மகள்கள் அத்தனை பேரும் சிவப்பு.
வேறு பெட்டி இல்லை பாடநூலின் கட்டத்தில்.

எங்களுக்குக் கிடைத்தது:
சிவந்த மகள்கள் அறுபத்தொன்று,
வெள்ளை மகன்கள் எழுபத்திரண்டு,
வெள்ளை மகள்கள்
பதினான்கு.

"அந்தப் பதினாலையும் ஆணென்று போடு.
வயிற்று நுனி கறுத்திருந்தது, போதுமா?"
கறுத்திருக்கவில்லை.
ஒவ்வொன்றையும் மல்லாத்திப் பார்த்தவள் நான்.
முன்னங்காலில் சீப்பு இல்லை,
வயிறு கூர்ந்து வரிவரியாய்,
கண் மட்டும் ஊறிய அரிசி.

பிழைக்கான காரணங்கள் என்ற தலைப்பின் கீழே
கர்சர் விட்டு விட்டு மினுக்குகிறது.

தாய் ஈ கன்னியாய் இருந்திருக்க வேண்டும்.
கூட்டை உடைத்து வந்த எட்டு மணி நேரத்துக்குள்
பிரித்தெடுக்க வேண்டும்.
தவறினால்
கூடப் பிறந்த வெள்ளைக்கண்ணன் முந்திக்கொள்வான்.
அவள் அவனைச் சேமித்து வைத்துக்கொள்வாள்,
பிறகு நாம் யாருக்குக் கட்டிவைத்தாலும்.

முந்தின இரவு பத்துக்குக்
குப்பியைக் காலி செய்தவன் தாவெத்.
காலை ஆறுக்குப் போயிருக்க வேண்டியவள் நான்.
போனது ஏழே முக்கால்.
பதிவேட்டில் எழுதியது ஆறு.

ஒருவகையில் பொய்யுமில்லை.
இடையில் இருந்தது ஆறுதான்.

எமயோகி. எங்கள் மொழியில் தாயாறு என்று பொருள்.
வில்பாலத்தில் பாதி தூரம் வந்திருந்தேன்.
மாதக்கணக்கில் ஊமையாய்க் கிடந்த பனிக்கட்டி
துருப்பிடித்த கதவு போல முனகி
நகர்ந்தது,
முதலில் முழுத்தளமாக, பிறகு துண்டு துண்டாக.
ஒரு துண்டின் மேல் காகம் ஒன்று
சீட்டெடுக்காத பயணிபோல
அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டே போயிற்று.
கரையில் இடித்தபோதும் பறக்கவில்லை.
எனக்கு விரல்கள் மரத்திருந்தது
ஆய்வகப் பூட்டில் சாவியை நுழைக்க முடியாதபோதுதான் தெரிந்தது.

உள்ளே, குப்பிக்குள்,
பதினான்கு பேருக்கான ஏற்பாடு முடிந்திருந்தது.

இதற்குச் செயப்பாட்டு வினை என்ன?
ஆறு பார்க்கப்பட்டது?
காகம் வழியனுப்பப்பட்டது?
எழுதினேன், அழித்தேன்.
தாவெத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு
தூங்கப் போன பிறகு எழுதினேன்:
நான் தாமதமாகப் போனேன்.
ஆற்றில் பனி உடைந்துகொண்டிருந்தது.
பதிவேட்டில் உள்ள நேரம் தவறு.
அதை எழுதியதும் நான்.

ஒன்பது நாள் கழித்துத் திரும்பி வந்தது அறிக்கை.
இரண்டு 'நான்'களும் பென்சிலால் வட்டமிடப்பட்டிருந்தன.
ஒரு மதிப்பெண் குறைக்கப்பட்டிருந்தது.
ஓரத்தில், சாய்ந்த கையெழுத்தில்:
பனி உடைந்த தேதியும் மணியும் தரப்படவில்லை.

மார்ச் இருபத்தேழு, ஐந்து ஐம்பது
என்று எழுதிச் சேர்த்தேன்.
காகத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை.