மிதிபடகு, அரை மணி நேரம்

ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏற்காட்டுக்குப் போகாது.
விடியுமுன் சேலம் ஜங்ஷனில் இறக்கிவிட்டு
அது பாட்டுக்கு ஈரோடு போய்விடும்.
மிச்ச மலை நம் பாடு.

கொண்டை ஊசி வளைவுகள் இருபது.
பதினொன்றில் இவருக்குக் குமட்டியது.
எலுமிச்சையை மூக்கோடு அழுத்திக்கொண்டு
"ரெஸ்ட் எடுக்கத்தானே வந்திருக்கோம்" என்றார்,
பன்னிரண்டிலும், பதினான்கிலும்.

படகுத்துறை ஜன்னலில் கட்டணப் பலகை.
கருவூலத்தில் இருபத்தாறு வருஷம்
பில் பார்த்த கண் அதில் மேலும் கீழும் போனது.
"மோட்டார்னா ஒரு சுத்து, முடிஞ்சுது.
மிதிபடகுதான் காசுக்குக் கட்டும்."

எங்களுக்கு வாய்த்தது ஓர் அன்னம்.
ஒரு கண்ணில் சாயம் போய்
வெறும் பிளாஸ்டிக்காய் விழித்தது.
யாருடைய வியர்வையோ காயாத ஆரஞ்சுச் சட்டை;
இவர் வயிற்றுக்கு வார் எட்டவில்லை,
முனையைக் கையில் பிடித்துக்கொண்டார்.

மிதித்தேன்.
சில்வர் ஓக் மரங்கள் தலைகீழாய் நெளிந்தன.
பக்கத்துப் படகில் ஆத்தூர்ப் பள்ளிப் பிள்ளைகள்
எங்களை முந்திவிட்டுக் கையாட்டினார்கள்.
மிதித்தேன்.

நடு ஏரியில் என் முழங்கால் ஏதோ சொன்னது.
குனிந்து பார்த்தேன்.
இரண்டு பேர் மிதிகட்டைக்கும் ஒரே இரும்புத் தண்டு.
நான் மிதித்தால் அவர் கால் தானே சுற்றும்.
செருப்பைக் கழற்றி ஓரமாய் வைத்துவிட்டு
பாதங்களைச் சும்மா ஏற்றி வைத்திருந்தார்.
ராட்டினக் குதிரையில் உட்கார்ந்த முகம்.

"மிதிக்கவேயில்லையா நீங்க?"
"கால் சுத்திக்கிட்டுத்தானே இருக்கு."

பொய் இல்லை. அவர் அப்படித்தான் நம்பியிருக்கிறார்.

நிறுத்தினேன்.
அவர் பாதங்களும் நின்றன.
திடுக்கிட்டுக் கீழே பார்த்தார்,
கரண்ட் போன மின்விசிறியைப் பார்ப்பதுபோல.

காற்று எங்களைக் கோரைப் பக்கம் தள்ளியது.
"இப்ப என்ன பண்றது?"
"ஒண்ணும் பண்ண வேண்டாம்."
சொல்லிப் பார்க்க நன்றாக இருந்தது.
இன்னொரு தரம் சொன்னேன்.

ஒரு நாமக்கோழி முங்கி வேறெங்கோ எழுந்தது.
வீட்டில் தண்ணீர் மோட்டாரை அணைத்தோமா
என்றொரு நினைப்பு வந்தது.
அதை ஒன்றும் செய்யவில்லை, தானே போய்விட்டது.
மூடுபனி இறங்கிக் கட்டணப் பலகையை மறைத்தது,
பிறகு படகுத்துறையை,
பிறகு அன்னத்தின் மூக்கை.

விசில்.
இன்னொரு விசில்.
கயிற்றோடு வந்தார் மோட்டார் படகுக்காரர்,
சட்டையில் சவரிமுத்து என்று பேர் தைத்திருந்தது.
"பெடல் போச்சாக்கா?"
"பெடல் நல்லாத்தான் இருக்கு."
எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.
"டெய்லி நாலு படகு இப்படி நின்னுரும்.
பாதி பேரு சண்டை போட்டுட்டு நிக்கறவங்க."
கயிற்றை அன்னத்தின் கழுத்தில் மாட்டிக்கொண்டே,
"நீங்க சண்டையா?"
"இன்னும் முடிவு பண்ணலை" என்றேன்.

இழுத்த வேகத்தில் அடியில் சக்கரம் உருண்டது.
மிதிகட்டைகள் தாமாகவே
ஏறின, இறங்கின.
செருப்பைக் கழற்றினேன்.
பாதங்களை மெல்ல அவற்றின் மேல் வைத்தேன்.

ஓஹோ.
இதுதானா.

கரையில் கூடுதல் இருபது நிமிஷத்துக்குக் கேட்டார்கள்.
இவர் வாதாட வாயெடுத்து, என்னைப் பார்த்து,
எடுத்துக் கொடுத்தார்.
மிளகாய் பஜ்ஜிக் கடை
சாலைக்கு அந்தப் பக்கம், கொஞ்சம் மேட்டில்.
பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன்.
"நாலு வாங்கிட்டு வாங்க, சட்னி தனியா."

ஏறிப் போனார்.
வாரின் முனை இன்னும் அவர் கையிலேயே இருந்தது,
ஆரஞ்சுச் சட்டையைத் திருப்பிக் கொடுக்க
இரண்டு பேருமே மறந்திருந்தோம்.