மூன்று எழுத்து

ஹெப்பாளில் இரவு பதினொன்று.
பாஸ்பேட் இல்லாத நீரில்
ஒன்பதாம் நாளாய் நெற்பயிர்.
பசி முற்றியதும்
வேரில் ஓர் ஆர்.என்.ஏ. பெருகுகிறது.
புரதம் எதுவும் எழுதத் தெரியாது அதற்கு.
பழைய பாடநூலில் அது கிடந்த பகுதிக்குப் பெயர்
குப்பை.

வெட்ட வரும் குட்டி ஆர்.என்.ஏ.வுக்குத்
தன்னையே நீட்டுகிறது.
நடுவில் மட்டும்
பொருந்தாத மூன்று எழுத்து.
கத்தரி கடிக்கிறது,
நறுக்கவும் முடியவில்லை
விடவும் முடியவில்லை.
அதற்குள் வேறொன்று
பிழைத்துக்கொள்கிறது.

வாசலில் சித்தலிங்கய்யா பதிவேட்டைத் தள்ளுகிறார்.
நேரம், கையெழுத்து,
'செய்த வேலை' என்றொரு கட்டம்.

வெளிவட்டச் சாலையில் லாரி ஒன்று
ஹாரனை அழுத்தியபடியே போகிறது.

காத்திருந்தேன் என்று எழுதினேன்,
கன்னடத்தில், எழுத்துப் பிழையோடு.
அவர் வாசித்தார்.
திருத்தவில்லை.
கேட்டைத் திறந்துவிட்டார்.